மட்டம் தட்டிய மேசை

அந்தமானில், போர்ட் பிளேருக்குப் பக்கத்துப் புரோத்ராபூரில் சுரேந்திரன் நடத்தும் மரப்பட்டறைக்கு ஜனவரி மாதம் சென்னையிலிருந்து கப்பலில் ஒரு பில்லர் டிரில் வந்து இறங்கியது. ஆள் உயரத்துக்கு நிற்கும் இயந்திரம். கைப்பிடியை இழுத்தால் துளைக்கும் பிட் செங்குத்தாக இறங்கி மரத்தில் நேர்த்துளை போடும். அதைத் தூக்கி நிறுத்த நான்கு பேர் வேண்டியிருந்தது. ஆனால் துளை போட வேண்டிய மரத்தை வைப்பதற்கென்று அதில் இருந்த இரும்புத் தட்டு, சாப்பிடுகிற தட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

"இம்புட்டுப் பெரிய மிஷினு. இதுல ரெண்டு இட்லி வைக்கலாம் போல," என்றாள் ஒச்சம்மா.

ஒச்சம்மா சுரேந்திரனின் அண்ணன் மனைவி. அண்ணன் முருகானந்தம் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவர். மாதத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பார். ஆறு வருடத்துக்கு முன்னால், வீட்டில் பொழுது போகவில்லை என்று பட்டறைக்கு வந்து மணல்தாள் தேய்க்க ஆரம்பித்தவள், இப்போது துளை போடும் வேலை முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டுவிட்டாள். கொழுந்தன் குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தது. இவள் அப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். பட்டறையில் இரண்டு தமிழும் புழங்கும். கோபம் வந்தால் இருவரும் இந்திக்குப் போய்விடுவார்கள்.

"அந்தத் தட்டுக்கு மேல அகலமா ஒரு மேசை போடப் போறேன் மதினி. படாக்ல. ஒரே பலகை," என்றான் சுரேந்திரன்.

"துளை போடுற இடத்துக்கு எதுக்குய்யா படாக்கு?"

கேட்டிருக்கக் கூடாது. படாக் மரத்தைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் சுரேந்திரன் லேசில் மூடமாட்டான். அதன் சிவப்பு, அதன் கனம், கரையான் அதைக் கண்டு ஒதுங்கிப் போகும் மரியாதை என்று ஆரம்பித்து, கேட்பவர் இந்தத் தீவிலேயே பிறந்தவராக இருந்தாலும், நேற்றுத்தான் மெயின்லேண்டிலிருந்து இறங்கியவருக்குச் சொல்வது போலச் சொல்வான். ஒச்சம்மா ஒரு டீ போட்டுக் குடித்து முடிக்கும்வரை சொன்னான்.

இரண்டு வருடமாக மூலையில் சாத்தி வைத்திருந்த பலகை அது. பதினான்கு அங்குல அகலம். இழைத்து, தேய்த்து, மேல்பக்கத்துக்கு மூன்று முறை பாலிஷ் போட்டான். அடிப்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டான். "கீழ யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

மேசையைப் பொருத்தி, குங்குமம் வைத்து, இரண்டடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"மிஷினுக்கு மேசை போடச் சொன்னா மணவறை போட்டிருக்க," என்றாள் ஒச்சம்மா. "பொண்ணு எப்ப வருது?"

அதன்மேல் டீ கிளாஸ் வைக்கக் கூடாது என்பது முதல் சட்டம். ஒச்சம்மா ஆணி டப்பாவை வைத்தபோது இரண்டாவது சட்டம் வந்தது.

ஏப்ரல்வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மே மாதம் கார் நிக்கோபார் தீவிலிருந்து ஸ்வப்னா போனில் பேசினாள். அங்கே ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளியில் டீச்சர். போர்ட் பிளேரில் வளர்ந்த பெண். பிள்ளைகள் எண்ணிப் பழக முப்பது பலகை வேண்டும் என்றாள். ஒவ்வொன்றிலும் வரிசைக்குப் பத்தாக நூறு துளை. துளைகளில் செருகி எடுக்க வண்ணக் குச்சிகள். முதலில் பத்துப் பலகை செய்து அனுப்பினார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முருகானந்தமே கப்பலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜூன் கடைசியில் ஸ்வப்னாவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பலகையில் நூறு குச்சிகளும் செருகியிருந்தன. இடது பக்கத்துக் குச்சிகள் எல்லாம் வலது பக்கமாகவும், வலது பக்கத்துக் குச்சிகள் எல்லாம் இடது பக்கமாகவும் சாய்ந்து, ஒன்றுக்கொன்று ரகசியம் பேசுவது போல நின்றன.

"அண்ணா, சப் டேடா ஹை!" என்றது வீடியோவில் அவள் குரல். எல்லாம் கோணல் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஒரு குழந்தை என்ன சொல்லுது தெரியுமா? மிஸ், குச்சிக்கெல்லாம் தூக்கம் வந்துருச்சுங்குது. பத்தையும் திருப்பி அனுப்பறேன். அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி கப்பல்ல முப்பதும் நேரா வரணும். பக்கா?"

சுரேந்திரன் வீடியோவை மூன்று முறை பார்த்தான். பிறகு டிரில்லைச் சுற்றி வந்தான்.

"மிஷின் புதுசு. பிட் புதுசு. மேசை படாக்." விரலை மடக்கிக்கொண்டே வந்தவன் நான்காவது விரலில் நின்றுவிட்டான்.

"சொல்லு," என்றாள் ஒச்சம்மா.

"இல்ல மதினி... கைப்பிடியை இழுக்கிறப்போ நீங்க ஒரு பக்கமா சாயுறீங்கதானே. அதான் போல."

ஒச்சம்மா சுவிட்சை அணைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். துணியை மடித்து மேசையின் மேல், பாலிஷ் நன்றாக மின்னும் இடத்தில், வைத்தாள்.

"அப்ப நீங்களே போட்டுக்கங்க முதலாளி."

அவள் அவனை 'நீங்க' என்றது ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. சுரேந்திரனுக்கு நாலு திட்டு வாங்கியிருந்தால் இதைவிடத் தேவலை என்று இருந்தது. இரண்டு நாள் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து குச்சிகளைத் தேய்த்தாள். டீ வந்தது, ஆனால் "முதலாளிக்கு டீ" என்று வந்தது. வழியை மறித்து நின்றால் "முதலாளி கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?" என்று கேட்டாள். மரம் ஏற்ற வந்த லாரிக்காரர், புது ஆள் யாராவது வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் சுரேந்திரன் தானே ஒரு பலகைக்கு நூறு துளை போட்டான். நிமிர்ந்து, கால்களை அகட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டான். முடித்ததும் ஒச்சம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்று குச்சிகளைச் செருகிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பலகையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தான்.

"என்ன, முதலாளி கையும் சாயுதோ?" ஜன்னல் பக்கமிருந்து கேட்டது.

அவன் பதில் சொல்வதற்குள் அவள் எழுந்து வந்துவிட்டாள். இரண்டடி ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, அதன் விளிம்பு மேசையில் படும்படி குறுக்கே நிறுத்தினாள். பின்னால் போன் டார்ச்சைப் பிடித்தாள். ஸ்கேலின் இரண்டு முனையும் மேசையைத் தொட்டுக்கொண்டிருந்தன. நடுவில் வெளிச்சம் பளீரென்று வந்தது.

"ஆத்தாடி! இந்தச் சந்துல எறும்பு குடும்பத்தோட குடை பிடிச்சிக்கிட்டுப் போகும்யா."

சுரேந்திரன் குனிந்து பார்த்தான். பிறகு மேசைக்கு அடியில் கையை விட்டுத் தடவினான். பாலிஷ் படாத அடிப்பக்கம் சில்லென்று ஈரமாக இருந்தது.

"அடியில பச்சையா விட்டுட்டேன். அது மழைக்காத்தைக் குடிச்சி உப்பியிருக்கு. மேல பாலிஷ் இருக்கிறதால மேல உப்பல. அதான் ரெண்டு ஓரமும் தூக்கிக் கிண்ணமாயிருச்சு," என்றான். "பலகையை ஓரத்துக்குத் தள்ளி வச்சா ஒரு பக்கம் மேட்டுல, ஒரு பக்கம் பள்ளத்துல. பிட் நேராத்தான் இறங்குது. பலகைதான் சாஞ்சு கிடக்குது."

"விளக்கம் எல்லாம் நல்லாத்தான் வருது. பாலிஷ் டப்பாவை மூடுறதுக்கு முன்னாடி வந்திருக்கலாம்."

"இழைப்புளி போட்டு மட்டமாக்கிரலாம் மதினி."

"டிசம்பர்ல காய்ஞ்சதும் மறுபடி எதிர்ப்பக்கம் வளையும். கிண்ணத்தைக் கவுத்து வச்ச மாதிரி ஆயிரும். வருசத்துக்கு ரெண்டு தடவை உன் மேசைக்குச் சவரம் பண்ண முடியுமா?"

"சும்மா மட்டம் தட்டாதீங்க மதினி."

"மேசையை மட்டம் தட்ட முடியல. உன்னையாவது தட்டுறேன்."

'உன்னை' என்று சொல்லிவிட்டதை இருவருமே கவனித்தார்கள். சுரேந்திரன் அன்று டீயை இரண்டு கிளாஸாகக் குடித்தான்.

மறுநாள் இருவரும் போர்ட் பிளேருக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே பிளைவுட் கடை வைத்திருக்கும் வங்காளியை, அண்ணன் என்ற பொருளில், எல்லோரும் தாதா என்பார்கள். அவரிடம், வளையாத பலகை வேண்டும் என்று ஒச்சம்மா கேட்டாள். தாதா எம்.டி.எஃப் ஒன்றை இழுத்துக் காட்டினார். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. கண்ணாடி போலத் தட்டையாக இருந்தது.

"ஏக்தம் சீதா, தீதி," என்றார். துளி வளைவு கிடையாதாம்.

"அட்டை!" என்றான் சுரேந்திரன், முகத்தைச் சுளித்து. "படாக் வச்ச இடத்துல அட்டையை வைக்கிறதா?"

"படாக் வச்ச இடத்துல இப்ப தண்ணி ஊத்தினா மீன் வளக்கலாம். பேசாம இரு."

சாதாரண பிளைவுட், கடல் தண்ணீருக்குத் தாங்கும் மெரைன் பிளை, கான்கிரீட் போடத் தாங்கு கொடுக்கும் கறுப்புச் சென்ட்ரிங் பிளை என்று தாதா ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். எல்லாமே நல்லது என்றார். விலை கூடக் கூட நல்லதும் கூடியது. ஒச்சம்மா எதையும் வாங்கவில்லை. வெட்டிப்போட்ட மிச்சத்திலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"தாதா சொன்னதை நம்ப மாட்டீங்களா?" என்று பஸ்ஸில் கேட்டான் சுரேந்திரன்.

"தாதா கடைக்குள்ள மழை பெய்யல. நம்ம பட்டறைக்குள்ள பெய்யும்."

படாக்கிலும் ஒரு துண்டு வெட்டி, ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்டாள். "உன் முறைப்படியே," என்றாள். ஐந்து துண்டுகளையும் பட்டறை ஓலைத் தாழ்வாரத்தின் ஓரத்தில், சாரல் நன்றாக அடிக்கும் இடத்தில் வரிசையாக நிறுத்தி வைத்தாள். ஆறு நாள் யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. மழையும் அவள் சொன்னதைக் கேட்டது போல ஆறு நாளும் விடாமல் பெய்தது.

சுரேந்திரன் நாளுக்கு நான்கு முறை தாழ்வாரத்துப் பக்கம் போய்வந்தான். தொடவில்லை, படாக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்தான். நான்காம் நாள், "கொஞ்சம்தான் வளைஞ்சிருக்கு," என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

ஏழாம் நாள் காலையில் ஒச்சம்மா ஐந்தையும் எடுத்து வந்து மேசைமேல் அடுக்கினாள். சுரேந்திரன் முதலில் படாக்கை எடுத்தான். ஸ்கேலை வைத்துப் பார்த்தான். பெரியதைப் போலவே அதுவும் கிண்ணமாகியிருந்தது. பெருமூச்சோடு திருப்பினான். பின்பக்கம் பென்சிலால் 'சுரேந்திரன்' என்று எழுதியிருந்தது.

"என்னா மதினி இது?"

"அடையாளத்துக்கு எழுதினேன். ஆளு அழகு, கனம், ஊரெல்லாம் பேரு. வெயில்ல விறைப்பா நிக்கும். நாலு நாள் மழை பெஞ்சா முறுக்கிக்கும்."

அவன் அவசரமாக எம்.டி.எஃப் துண்டைத் திருப்பினான். அது நான்கு ஓரமும் உப்பி, ஊறிய ரொட்டி போல இருந்தது. பின்பக்கம் 'முருகானந்தம்' என்று எழுதியிருந்தது.

"உங்கண்ணன் கரையில காய்ஞ்சு இருக்கிறப்ப அவரைப் போல வழவழப்பான மனுசன் உண்டா? உள்ள ஒரு சொட்டு போனா போதும். உப்பிருவாரு."

சுரேந்திரனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சாதாரண பிளைவுட் துண்டு அடுக்கடுக்காகப் பிரிந்து விசிறி போலத் திறந்திருந்தது. அதில் ஒரு பெயரும் இல்லாமல் 'அண்ணன் தம்பி அஞ்சு பேரு' என்று இருந்தது.

"அது எங்க வீட்டு ஆளுக. எங்கப்பா இருந்தவரைக்கும் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க."

கறுப்புச் சென்ட்ரிங் பிளையில் ஈரம் ஏறவே இல்லை. ஓரங்கூடப் பிரியவில்லை. ஆனால் கடையிலிருந்து வரும்போதே அது கொஞ்சம் கோணல். கோணல் அப்படியே இருந்தது. அதைத் திருப்புவதற்கு முன்பே சுரேந்திரனுக்குத் தெரிந்துவிட்டது.

"இது நீங்களா?"

"வேற யாரு? கறுப்பு, முரடு, பிறக்கிறப்பவே கொஞ்சம் கோணல். ஆனா எந்த மழைக்கும் அசையாது."

கடைசியாக மெரைன் பிளை. வளையவில்லை, உப்பவில்லை, பிரியவில்லை. ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் நூலளவுகூட வரவில்லை. சுரேந்திரன் ஆவலோடு திருப்பினான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுக்கு ஏன் பேரு எழுதல?"

"யோசிச்சுப் பாத்தேன்யா. நம்ம குடும்பத்துல அப்படி யாரும் இல்ல."

மெரைன் பிளை வந்தது. முக்கால் அங்குலக் கனத்தில் இரண்டு துண்டுகள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டினால் ஒன்றரை அங்குலம். கிளாம்ப் போட்டு இறுக்கினாலும் அசையாது என்பது சுரேந்திரனின் கணக்கு. அதில் ஒச்சம்மாவுக்கும் மறுப்பில்லை. மறுப்பு வந்தது வேறு இடத்தில்.

"எங்க வச்சு ஒட்டப் போற?"

"கீழதான். தரையில."

அவள் ஸ்கேலைத் தரையில் நிறுத்திக் காட்டினாள். ஒரு இடத்தில் வெளிச்சம் வந்தது, இன்னொரு இடத்தில் ஸ்கேல் ஆடியது. கோணலான இடத்தில் வைத்து ஒட்டினால் கோணலாகத்தான் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்த மரமாக இருந்தால் என்ன?

அன்று முழுவதும் இருவரும் ஸ்கேலும் டார்ச்சுமாக, தட்டையான ஒரு இடத்தைத் தேடி அலைந்தார்கள். பட்டறையின் வேலை மேசை நடுவில் பள்ளம். டிவி ஸ்டாண்டு ஒரு பக்கம் தாழ்வு. சுரேந்திரன் தன் வீட்டுக்குப் போய் பீரோக் கதவில் ஸ்கேலை வைத்துப் பார்த்தான். அவன் மனைவி சுதா, "பீரோவைப் படுக்கப்போட்டு அது மேல பசை ஊத்தப் போறீங்களா? பாஹர் ஜாவ்," என்று வெளியே அனுப்பிவிட்டாள். பக்கத்து வீட்டுக் கேரம் போர்டுகூட ஏமாற்றியது.

"உலகத்துல ஒண்ணுமே மட்டம் இல்ல மதினி," என்றான் சுரேந்திரன், சோர்ந்து போய் ஒச்சம்மா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து. பட்டறைக்குப் பின்னாலேயே அவள் வீடு. அடுப்பு மேடையில் கருப்புக் கிரானைட் கல் போட்டிருந்தது. சும்மா கைக்கு வந்த வாக்கில் ஸ்கேலை அதன்மேல் நிறுத்தினான். டார்ச்சைப் பிடித்தான். இருட்டு. நீளவாக்கில் வைத்தான். இருட்டு. மூலைக்கு மூலை வைத்தான்.

"மதினி!"

"கையை எடு."

"மேடையையே பேத்து எடுத்துப் போய் மிஷின்ல மாட்டிரலாமா?"

"கல்லுல பிட் இறங்கினா உன் பிட்டும் போகும், என் சப்பாத்தியும் போகும். ஒட்டுறதுக்கு மட்டும் ஒரு நாள் இரவல் தர்றேன். ஒரு சொட்டுப் பசை கல்லுல பட்டுச்சு, அடுத்த தடவை உனக்குச் சாப்பாட்டுல வரும்."

மறுநாள் அடுப்பு கீழே இறங்கியது. கல்லின்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்தார்கள். பசை தடவி இரண்டு பலகைகளையும் சேர்த்து வைத்து, மேலே அரிசி மூட்டை, இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் இரண்டு, சுரேந்திரனின் கருவிப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றினார்கள். ஒரு மூலையில் மட்டும் பசை சரியாகப் பிதுங்கவில்லை. அங்கே வைக்க வீட்டில் கனமாக எதுவும் மிச்சம் இல்லை.

அந்த நேரம் பார்த்து முருகானந்தம் கப்பலிலிருந்து வந்து சேர்ந்தார். ஐந்து நாள் கடல். நேராகச் சமையலறைக்கு வந்தவர் மேடையைப் பார்த்தார்.

"சோறு?"

"வந்துட்டீங்களா! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. அந்த மூலையில ஏறி உக்காருங்க," என்றாள் ஒச்சம்மா.

"எங்க?"

"மேடையில, அந்தப் பலகை மேல. எழுபத்தெட்டுக் கிலோ இருக்கீங்கல்ல? அசையாம இருங்க. நான் டீ தர்றேன்."

முருகானந்தம் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தான். இருபது வருடம் எஞ்சின் அறையில் உத்தரவு கேட்டுப் பழகிய மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பசை ஓரத்தில் முத்து முத்தாகப் பிதுங்கி வந்தது. சுரேந்திரன் பட்டறையில் கிளாம்ப்களைத் தேடியெடுத்துக் கொண்டுவந்து பூட்டும்வரை, முக்கால் மணி நேரம், டீயும் பிஸ்கட்டுமாக அவர் மேடையிலேயே இருந்தார். கை எட்டும் தூரத்தில் ஜன்னல் விளிம்பில் கிடந்த ஒரு உப்பிய பலகைத் துண்டின் மேல் கிளாஸை வைத்தார். சும்மா திருப்பிப் பார்த்தார்.

"ஒச்சு, இதுல எதுக்கு என் பேரு போட்டிருக்கு?"

ஒச்சம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள். சுரேந்திரன் அண்ணனுக்குக் கடையிலிருந்து பரோட்டா வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

ஒட்டியது காய்ந்து எடுத்தபோது பலகை கல்லைப் போலவே தட்டையாக இருந்தது. அடுத்தது மேலே ஒட்டும் மைக்கா. சுரேந்திரன் மேல்பக்கத்துக்கு அளந்து வெட்டினான். அடிப்பக்கத்துக்கும் ஒன்று வெட்டச் சொன்னாள் ஒச்சம்மா.

"அடியில யாரு குனிஞ்—" என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இரண்டாவது தாளை அளக்க ஆரம்பித்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூடியிருந்தால்தான் ஈரம் ஒரு பக்கமாக இழுக்காது. நான்கு ஓரத்துக்கும், படகில் ஓட்டை அடைக்கப் போடும் எப்பாக்சியை முருகானந்தம் கப்பல்துறையிலிருந்து கொண்டுவந்து பூசினார். பிட் வந்து இறங்கும் நடுப்பகுதியில் மட்டும் உள்ளங்கை அளவு சதுரமாக வெட்டி, தேய்ந்தால் கழற்றி மாற்றும்படி ஒரு துண்டு பொருத்தினார்கள்.

வளைந்த படாக் பலகையை என்ன செய்வது என்று தெரியாமல் சுரேந்திரன் அதைச் சுவரோரம் திருப்பி வைத்திருந்தான். ஒச்சம்மாவே அதை எடுத்து வந்து ரம்பத்துக்குப் பக்கத்தில் போட்டாள்.

"ஒல்லி ஒல்லியாக் கிழி. அகலமா இருந்தாத்தானே கிண்ணமாகுது? ரெண்டு அங்குலத்துல என்ன வளையும்? பலகையை அணைச்சுப் பிடிக்க மேசையோரத்துல ஒரு பட்டை வேணும். அதுக்கு இதைவிட உறுதியா எது இருக்கு?"

சுரேந்திரனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பட்டையின் ஆறு பக்கத்துக்கும் பாலிஷ் போட்டான். குங்குமம் டப்பாவைத் தேடியபோது அது காணாமல் போயிருந்தது. ஒச்சம்மாவைக் கேட்டால் தெரியாது என்றாள்.

முப்பது பலகை, மூவாயிரம் துளை. முதல் பலகையை முடித்ததும் மூலைமட்டத்தைக் குச்சிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம், எங்கே பார்த்தாலும் குச்சி கொடிக்கம்பம் போல நின்றது. ஒச்சம்மா ஐந்து நாளில் முடித்தாள். நடுவில் ஒரு நாள் மின்சாரம் இல்லை. அன்றைக்குக் குச்சிக்கு வண்ணம் அடித்தாள். பதினெட்டாம் தேதி முப்பது பலகையும் சாக்கில் கட்டி, முருகானந்தத்தோடு கப்பல் ஏறின.

கப்பல் திரும்பிய அன்று ஃபீனிக்ஸ் பே கப்பல்துறைக்கு இருவரும் போயிருந்தார்கள். பழைய பத்துப் பலகைகள் அதில் வருவதாக ஸ்வப்னா சொல்லியிருந்தாள். தூறல். இறங்குகிற கூட்டம், ஏறுகிற கூட்டம், வாழைத்தார், கோழிக்கூடை. முருகானந்தம் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒம்பதுதான் இருக்கு," என்றார். "ஒண்ணை அந்த டீச்சர் வச்சிக்கிட்டா. ஆபீஸ் மேசையில வச்சு, பேனா பென்சிலெல்லாம் சொருகியிருக்கா. சாஞ்சு நிக்கிறதால எடுக்க வசதியா இருக்காம்."

"பாத்தீங்களா மதினி?" என்றான் சுரேந்திரன் உடனே.

"பாத்தேன் பாத்தேன். புதுசு என்னாச்சுங்க?"

"எல்லாம் நேரா நிக்குது. நான் இருக்கிறப்பவே பிள்ளைங்க உக்காந்து செருகுச்சுங்க. ஒரு வாண்டு நூறையும் செருகிட்டு, யாராவது எடுத்துருவாங்கன்னு பலகை மேலேயே படுத்துக்கிச்சு. டீச்சர் இன்னும் இருபது கேட்டா."

முருகானந்தம் டீ வாங்கப் போனார். சுரேந்திரன் சாக்கின் முடிச்சை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"மதினி, அன்னிக்கு ஒண்ணு சொன்னேன்தானே. உங்க கை சாயுதுன்னு."

"எப்ப சொன்ன?"

"சொன்னேன்தானே. அதுக்கப்புறம் நீங்க முதலாளி முதலாளின்னு..."

"ஆமா, ஏதோ சொன்ன. அதுக்கு இப்ப என்ன?"

"அது உங்க கை இல்ல. நான் போட்ட மேசை."

"அதான் ஸ்கேல் சொல்லிருச்சே."

"ஸ்கேல் சொல்லிச்சு. நான் சொல்லலதானே." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "தப்பா சொல்லிட்டேன் மதினி."

அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஹாரன் அடித்தது. ஒச்சம்மா காதுக்குப் பின்னால் கையை வைத்து அவன் பக்கம் குனிந்தாள்.

"என்ன சொன்ன? கேக்கல."

"தப்பா சொல்லிட்டேன்!"

"என்னது?"

அவன் மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினான். "தப்பு என்னோடது மதினி! உங்க கை நேர்தான்!"

ஹாரன் அதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டிருந்தது. டிக்கெட் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒரு போலீஸ்காரர்கூடப் பார்த்தார். சுரேந்திரன் முகம் படாக் நிறத்துக்குச் சிவந்தது.

"கேட்டுச்சுய்யா," என்றாள் ஒச்சம்மா, முந்தானையால் முகத்துத் தூறலைத் துடைத்துக்கொண்டு. "முதல் தடவையே கேட்டுச்சு."

சாக்கின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அவன் பிடித்தான். மூன்று டீயும் கையுமாக முருகானந்தம் வந்து, எதற்கு எல்லோரும் இவர்களையே பார்க்கிறார்கள் என்று கேட்டார். பஸ் வருகிறது, நடந்துகொண்டே சொல்கிறேன் என்றாள் ஒச்சம்மா. சொன்னாள். சுரேந்திரன் கத்திய மாதிரியே நடித்துக் காட்டி, பஸ் நிறுத்தம்வரை இரண்டு தடவை சொன்னாள்.